சிறுவர் வார்டுக்கு வருஷாவருஷம் நிதி சேர்க்கிறது எப்படி: மலையகத்து ஆளுங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தோட்டத்து இளைஞர் சங்கம், கோயில் கமிட்டி, டவுன்ல கடை வச்சிருக்கிறவங்க, பழைய மாணவர் சங்கம்னு யாராவது "இந்த வருஷம் ஆஸ்பத்திரி புள்ளைங்களுக்கு ஏதாச்சும் செய்வோம்"னு கெளம்பினா முதல் வேலையா டின்னுக்கு ஓட்டை போடுறாங்க. அங்கயே சிக்கல் ஆரம்பிச்சிருது. சல்லி (காசு) சேர்க்கிறது இந்த வேலையோட நடுப்பகுதி மட்டும்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாச வேலை கெடக்கு, பின்னாடியும் அதே அளவுக்கு கெடக்கு, ரெண்டையும் விட்டுட்டு நடுவுல மட்டும் ஓடினா முதல் வருஷம் நல்லாத்தான் சேரும், ரெண்டாவது வருஷம் லயத்துப் பக்கம் (தோட்டத்து வரிசை வீடுங்க) போனா கதவு தொறக்காது.

கீழ இருக்கிற வரிசையிலயே போங்க. ஒவ்வொண்ணும் அடுத்ததுக்கு வேணும், அதனாலதான் வரிசை.

1. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டுனு முடிவு பண்ணுங்க

நம்ம பக்கத்துப் புள்ளைங்க பெரிய வருத்தம்னா கடைசியா போய் சேர்றது பேராதனையில இருக்கிற சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் ஆஸ்பத்திரிக்குத்தான், இல்லாட்டி கொழும்பு லேடி ரிஜ்வேக்கு. அதுக்கு முந்தி டிக்கோயா, நுவரெலியா, பதுளைனு பக்கத்து ஆஸ்பத்திரி சிறுவர் வார்டுலதான் படுத்திருக்கும். ஊர் வார்டுக்கு செய்றதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு செய்றதாங்கிறத ஆரம்பத்துலயே பேசி முடிச்சிருங்க, சல்லி சேர்ந்தப்புறம் பேசினா அது சண்டையில போய் முடியும்.

என் அபிப்பிராயம் கேட்டா, முதல் வருஷம் பக்கத்து ஆஸ்பத்திரி. காரணம் ரொம்ப சிம்பிள், சல்லி போட்ட அம்மா தன் புள்ளய கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போறப்ப அந்த சாமான கண்ணால பாக்கும். நீங்க நூறு தடவ மைக்ல சொல்றதவிட அந்த அம்மா கொழுந்து மடுவத்துல (கொழுந்து நிறுக்கிற எடம்) ஒரு தடவ சொன்னா போதும். பேராதனைக்கு ரெண்டாவது மூணாவது வருஷம் போகலாம், அங்க கேக்கிற சாமானும் விலை கூடினதாத்தான் இருக்கும்.

யாருக்கு கடிதம் எழுதணும்ங்கிறது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். பெரிய ஆஸ்பத்திரின்னா பணிப்பாளர், ஆதார வைத்தியசாலைன்னா மருத்துவ அத்தியட்சகர், சின்ன பிரதேச ஆஸ்பத்திரின்னா அங்க பொறுப்பா இருக்கிற டொக்டர், அதாவது டி.எம்.ஓ. சின்னது பலதும் மாகாணத்துக்குக் கீழ, பேராதனை, லேடி ரிஜ்வே மாதிரி பெரியது கொழும்பு சுகாதார அமைச்சுக்குக் கீழ. இது தெரியாம மாத்தி எழுதினா கடிதம் மேசைக்கு மேசை சுத்திட்டு இருக்கும், நீங்க பதிலுக்கு காத்துட்டு இருப்பீங்க.

2. தேவைப்பட்டியல எழுத்துல வாங்குங்க

இந்த முழு வேலைக்கும் அஸ்திவாரம் இந்த ஒரு கடதாசிதான். இது கையில வராம ஒரு ரூபா கூட சேர்க்காதீங்க.

முதல்ல வார்டு சிஸ்டர பாருங்க. டொக்டருக்கு என்ன மெஷின் வேணும்னு தெரியும், ஆனா எது ஒடைஞ்சு கெடக்கு, எதுக்கு புள்ளைங்க வரிசையில நிக்குது, எது ஏற்கனவே மூணு வந்து அலுமாரிக்கு மேல தூசி புடிச்சு கெடக்குங்கிறது சிஸ்டருக்குத்தான் தெரியும். அப்புறம் சிறுவர் நோய் நிபுணர். கடைசியா பணிப்பாளர் கையெழுத்து. காலையில வார்டு ரவுண்ட் நேரம் போகாதீங்க, யாரும் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க, அவங்க மேல தப்பில்ல.

கடிதம் சிங்களத்துல இருக்கட்டும், கூட தமிழ்ப் பிரதி ஒண்ணு. பெரிய ஆஸ்பத்திரி ஒப்பீஸ்ல வேலை நடக்கிறது பெரும்பாலும் சிங்களத்துலதான், தமிழ்ல மட்டும் குடுத்தா மொழிபெயர்க்க ஆள் தேடியே நாள் போயிரும். சிங்களம் நல்லா எழுதுற டீச்சர் ஒருத்தர்கிட்ட குடுத்து சரிபாத்துக்கங்க, வட்ஸ்அப்ல டைப் பண்ற சிங்களம் ஒப்பீசுக்கு சரிவராது.

பட்டியல மூணு அளவுல கேளுங்க. பெருசு ஒண்ணு, நடுத்தரம் ரெண்டு, சின்னது கொஞ்சம். ஏன்னா எவ்வளவு சேரும்னு யாருக்கும் தெரியாது. பெருச மட்டும் சொல்லி கெளம்பிட்டு அந்தத் தொகை சேராட்டி சல்லி பேங்க்ல தூங்கும், தூங்குற சல்லியப் பத்தி ஊர் பேசும். மூணு அளவு இருந்தா சேர்ந்ததுக்கு ஏத்த மாதிரி அதே வருஷத்துல முடிச்சிரலாம்.

சாமான் பேர் மட்டும் பத்தாது. சிரிஞ்ச் பம்ப்னா (மருந்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற மெஷின்) எந்தெந்த சிரிஞ்ச போட்டா வேலை செய்யும், பல்ஸ் ஒக்ஸிமீட்டர்னா (ரத்தத்துல ஒக்ஸிஜன் அளக்கிறது) பொறந்த புள்ளைக்கு விரல்ல மாட்டுற ப்ரோபா, பெரிய புள்ளைக்கா, நெபுலைசர்னா (மருந்த ஆவியா மூச்சுக்குக் குடுக்கிற மெஷின்) மாஸ்க் என்ன சைஸ், மஞ்சள் காமாலை லைட்னா எல்.ஈ.டி.யா, எல்லாம் எழுதி வாங்குங்க. பெரியாளுக்குள்ள ப்ரோப் ஆறு மாசக் குழந்தை விரல்ல நிக்காது, வாங்கிட்டுப் போய் குடுத்தா சிஸ்டர் மரியாதைக்கு வாங்கி வச்சிக்குவாங்க, அவ்வளவுதான்.

எதக் குடுக்கக் கூடாதுங்கிறதையும் இப்பவே கேட்டு எழுதிக்கங்க. புதுசா வர்றவங்க தடுக்கி விழுறது இங்கதான்.

பால்மா வேணாம். தாய்ப்பாலுக்குப் பதிலா குடுக்கிற பால்மா விஷயத்துல நம்ம நாட்டுல தனி விதிக்கோவை இருக்கு, வார்டுக்குள்ள அத இலவசமா குடுக்கப் போனா வாசல்லயே திருப்பி அனுப்புவாங்க. மருந்தும் அப்படித்தான், அதெல்லாம் தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை சம்பந்தப்பட்ட விஷயம், பார்மசியில வாங்கி பையில போட்டுக் குடுக்கிற சமாச்சாரம் கெடையாது. பஞ்சு பொம்மையும் வேணாம், கழுவ ஏலாது, ஒரு புள்ளை வருத்தம் இன்னொண்ணுக்குப் போகும். கழுவித் தொடைக்கிற பிளாஸ்டிக் விளையாட்டு சாமான்னா எடுப்பாங்க.

அதோட, சின்ன சாமான் பட்டியல்ல தாய்மாருக்கும் எடம் வைங்க. ராத்திரி பத்து மணிக்கு நுவரெலியா பக்கம் ஒரு சிறுவர் வார்டுக்குள்ள போய் பாத்தா தெரியும், புள்ளை கட்டில்ல, அம்மா பக்கத்துல பிளாஸ்டிக் கதிரையில, சேலை முந்தானைய தலைக்கு மேல இழுத்து மூடிக்கிட்டு, கால் ரெண்டையும் கட்டில் கம்பியில வச்சு, சொக்ஸ் கூட இல்லாம. மார்கழி தை குளிர்ல அது என்ன நிலைமைனு நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம். சாய்ஞ்சு உக்கார்ற கதிரை, சுடுதண்ணி பிளாஸ்க், கம்பளி, இதெல்லாம் எந்த டொக்டரும் தானா கேக்க மாட்டாரு. நீங்க "இதுக்கு எடம் இருக்கா, கழுவ வசதி இருக்கா"னு கேட்டு பட்டியல்ல ஏத்திருங்க.

3. கமிட்டியும் பேங்க் கணக்கும்

தலைவர், செயலாளர், பொருளாளர், கூட ஒரு நாலஞ்சு பேர். அதுக்கு மேல வேணாம், கூட்டம் கூடினா தீர்மானம் குறையும்.

தனி ஆள் பேர்ல இருக்கிற கணக்குக்கு சல்லி போகக் கூடாது. எவ்வளவு நம்பிக்கையான ஆளா இருந்தாலும் சரி. அவருக்கே அது ஆபத்து, நாளைக்கு அவருக்கு வருத்தம் வந்து ஏதாச்சும் ஆனா அந்தக் காச எடுக்க உங்களால ஏலாது, அவரு வீட்டு ஆளுங்களும் மாட்டிக்குவாங்க. ஏற்கனவே பதிஞ்ச சங்கம் ஒண்ணு, கோயில் பரிபாலன சபையோ மரணாதார சங்கமோ இளைஞர் கழகமோ இருந்தா அதோட பேர்லயே இதுக்குனு தனி சேமிப்புக் கணக்கு ஒண்ணு தொறங்க. யாப்பு (சங்கத்தோட விதிகள்), கூட்டக் குறிப்புல எழுதின தீர்மானம், கையெழுத்து வைக்கிறவங்களோட அடையாள அட்டைப் பிரதி, இதெல்லாம் பேங்க் கேக்கும். மூணு பேர் கையெழுத்துக்காரங்க, எந்த ரெண்டு பேர் வச்சாலும் எடுக்கலாம்னு வைங்க. ஒருத்தர் கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டா வேலை நிக்காது.

பொருளாளர் சல்லி சேர்க்கப் போகக் கூடாது. சேர்க்கிற கை வேற, எழுதுற கை வேறயா இருந்தாத்தான் ரெண்டும் ஒண்ணையொண்ணு சரிபாக்கும்.

இன்னொண்ணு, நம்ம தோட்டங்கள்ல எல்லா சங்கத்துக் கொடியும் பறக்கும். ஒரு தொழிற்சங்க ஒப்பீஸ்ல கூட்டம் வச்சா மத்த சங்கத்து ஆளுங்க அன்னைக்கே கழண்டுருவாங்க. கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், வாசகசாலை, இதுல எங்கயாச்சும் வைங்க. எல்லா சங்கத்துத் தலைவரையும் ஒரே நாள்ல, ஒரே மாதிரி கடிதத்தோட கூப்பிடுங்க, ஒருத்தருக்கு முந்தி ஒருத்தருக்கு சொன்னாலும் அது பேச்சாயிரும். தேர்தல் பக்கத்துல வந்தா அந்த வருஷம் மேடையே போடாதீங்க.

4. அனுமதிக் கடிதங்கள்

இதுல பெருசா விளக்க ஒண்ணுமில்ல, ஆனா ஒண்ணையும் விட ஏலாது. ஆஸ்பத்திரிக் கடிதத்தோட பிரதிய சேர்த்து பிரதேச செயலகத்துக்கும் பொலிஸ் ஓ.ஐ.சி.க்கும் (பொறுப்பதிகாரி) கிராம சேவகருக்கும் குடுங்க, பதில எழுத்துல வாங்குங்க. தோட்டத்துக்குள்ள போகணும்னா தொரைக்கு (தோட்ட மேனேஜர்) தனிக் கடிதம், பிரட்டுக்களத்துல (காலையில வேலை பிரிச்சுக் குடுக்கிற எடம்) பேசப் போறோம்னா அதையும் நேரத்தோட எழுதுங்க. ஸ்டேஷன்ல டின் வைக்கணும்னா ஸ்டேஷன் மாஸ்டர், பஸ் ஸ்டாண்ட்னா நகரசபை. ஒலிபெருக்கி கட்டுறதுன்னா பொலிஸ் பெர்மிட் கட்டாயம்.

பள்ளிக்கூடம் வழியா செய்றதுன்னா அதிபர் மட்டும் சரின்னா பத்தாது, வலயக் கல்விப் பணிமனை வரைக்கும் கேட்டுக்கச் சொல்லுங்க.

எல்லாக் கடிதத்தையும் போட்டோ கொப்பி எடுத்து லேமினேட் பண்ணி ஒவ்வொரு குழு கையிலயும் ஒண்ணு குடுங்க. நாள் முழுக்க நனையுற ஊர்ல வெறும் கடதாசி மத்தியானம் வரைக்கும் தாங்காது.

5. நாள் பாக்கிறது

இது நல்ல நேரம் பாக்கிற விஷயம் கெடையாது, மழையும் சம்பளமும் பாக்கிற விஷயம்.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் மே கடைசியில தென்மேல் பருவமழை புடிச்சிச்சுன்னா செப்டெம்பர் வரைக்கும் லயம் லயமா ஏறி எறங்கிறது பெரும்பாடு, அட்டைக் கடி வேற. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் வெயில்தான், ஆனா கொழுந்து குறையும், கொழுந்து குறைஞ்சா கைக்கு வர்ற சல்லியும் குறையும். ஏப்ரல்ல புதுவருஷச் செலவு. ஒக்டோபர் நவம்பர்ல தீபாவளி முற்பணம் வரும், வந்த வேகத்துல துணிக்கடைக்குப் போயிரும், அப்புறம் அத மாசாமாசம் பிடிப்பாங்க. இப்படிக் கழிச்சுப் பாத்தா லயங்களுக்கு ஏத்தது மே மாச சம்பளத்துக்கு அப்புறம் மழை புடிக்கிறதுக்கு முந்தி வர்ற அந்த ரெண்டு வாரம்தான், ஏப்ரல் கொழுந்து சம்பளமா கைக்கு வந்திருக்கும். வெசாக் தன்சலுக்கு (இலவசமா சாப்பாடு குடுக்கிற பந்தல்) சேர்க்கிறவங்களும் அப்ப டவுன்ல இருப்பாங்க, அவங்களோட நாள் மோதாம பேசிக்கங்க, பல எடத்துல அவங்களே உங்க டின்ன தன்சல் பக்கத்துல வச்சுக்க விடுவாங்க.

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கம் கணக்கு வேற. அங்க ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும்தான் மழை கூட, ஆடி ஆவணி காஞ்ச காத்துக்காலம், அப்ப வைங்க.

டவுன் டின்னுக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு இருக்கு. டிசெம்பர் போயாவுல (பௌர்ணமி) இருந்து வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன், சனி ஞாயிறுல ஹட்டன் ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் நல்லதண்ணிப் பாதையும் நெறஞ்சு வழியும். மலைக்கு வர்றவங்க மனசு எளகித்தான் வருவாங்க.

சம்பள நாளுக்கு வருவோம். பல தோட்டங்கள்ல 10ஆம் தேதி சம்பளம். அன்னைக்கே போயிராதீங்க. அன்னைக்கு கடைக்காரர், சீட்டுக்காரர், லோன் கம்பனி ஆள்னு எல்லாரும் வாசல்ல நிப்பாங்க, அந்த வரிசையில நீங்களும் போய் நின்னா உங்களையும் கடன்காரனாத்தான் பாப்பாங்க. அடுத்து வர்ற ஞாயித்துக்கிழமை, பத்து மணிக்கு மேல, தண்ணி பிடிச்சு துணி தொவைச்சு முடிச்ச நேரம் போங்க.

6. ரிசீட் புக், டின், அடையாள அட்டை

ரிசீட் புக்ல தொடர் இலக்கம் அச்சிலயே இருக்கணும், கையால போடுறது வேணாம். மூணு மொழியிலயும் சங்கத்துப் பேர், எந்த ஆஸ்பத்திரி எந்த வார்டு, பேங்க் கணக்கோட பேர், எல்லாம் இருக்கட்டும். கார்பன் பிரதி கட்டாயம். எந்தப் புக்க யார் கையில குடுத்தீங்கன்னு ஒரு கொப்பியில எழுதி கையெழுத்து வாங்குங்க, திரும்பி வர்றப்பவும் அதே மாதிரி. பாதி எழுதின புக் ஒண்ணு காணாமப் போனா மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்குள்ள போயிரும், அதனால இதுல தயவுதாட்சண்யம் பாக்காதீங்க.

டின் மூடிய சுத்தி டேப் ஒட்டி, டேப்புக்கும் டின்னுக்கும் குறுக்கால ரெண்டு பேர் கையெழுத்து. டின்னுக்கு இலக்கம். ஓட்டைக்கு உள்பக்கம் பொலித்தீன் பை ஒண்ணு ஒட்டிருங்க, மழைத்தண்ணி எறங்கி நோட்டு ஒட்டிக்கிட்டா பிரிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும்.

அடையாள அட்டையில போட்டோ, சங்க முத்திரை, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்ங்கிறது. கடைசி தேதி போடாட்டி அடுத்த வருஷம் யாராச்சும் அதையே மாட்டிக்கிட்டு தனியா கெளம்பிருவாங்க.

7. ஆளுங்களப் பழக்கிறது

ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்க, அதுல ஒருத்தர் பொம்பளையா இருந்தா லயத்துல பேச்சு லேசாகும். சின்னப் புள்ளைங்க கையில டின்ன குடுத்து ரோட்டுல நிறுத்துறது வேணவே வேணாம், அது ஆபத்தும் கூட, பாக்கவும் நல்லாயில்ல.

பேச்சு நீளமா இருக்கக் கூடாது. இவ்வளவு போதும்: "அக்கா, நாங்க கோயில் கமிட்டிலருந்து வர்றோம். நம்ம ஆஸ்பத்திரி சின்னப்புள்ளைங்க வார்டுக்கு நெபுலைசரும் தாய்மாருக்கு கதிரையும் கேட்டிருக்காங்க, இந்தா பெரிய டொக்டர் கடிதம். முடிஞ்சத போடுங்க, இல்லாட்டியும் பரவாயில்ல."

புதுசா வர்றவங்க செய்ற வேலை என்னன்னா சோகக் கதைய ஆரம்பிச்சிர்றாங்க. புள்ளை சாகக் கெடக்கு, நீங்க குடுத்தாத்தான் பொழைக்கும்னு. அந்த லயத்துலயே புள்ளையப் பறிகுடுத்த வீடு இருக்கும். அதுவுமில்லாம அழவச்சு வாங்கின சல்லி அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்தான். என்ன சாமான், எதுக்கு, எவ்வளவு, இத மட்டும் சொல்லுங்க.

ரெண்டு கேள்வி எப்பவும் வரும். ஒண்ணு, "ஆஸ்பத்திரி ப்ரீதானே, கவுமெண்ட் குடுக்காதா?" இதுக்கு கவுமெண்ட திட்டி பதில் சொல்லாதீங்க. டொக்டரும் மருந்தும் கட்டிலும் அரசாங்கம் குடுக்குது, ஆனா ஒரு மெஷின் பழுதானா புதுசு வர்ற வரைக்கும் இருக்கிறத வச்சுத்தான் சமாளிக்கணும், அந்த இடைவெளிக்குத்தான் இதுன்னு சொல்லுங்க. ரெண்டாவது, "போன வருஷம் வாங்கினீங்களே, அது என்னாச்சு?" இதுக்கு வாயால பதில் வேணாம். போன வருஷக் கணக்குத் தாளும் ஆஸ்பத்திரி குடுத்த ஒப்படைப்புக் கடிதமும் ஒவ்வொரு குழு கையிலயும் இருக்கணும், எடுத்து நீட்டுங்க.

தொகை இவ்வளவுனு நிர்ணயம் பண்றது எனக்கு துண்டா புடிக்காத விஷயம். வீட்டுக்கு ஐநூறுனு ஒரு எடத்துல போட்டாங்கன்னா அது வரி. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு 2015ல ஆரம்பிச்ச போராட்டம் 2021லதான் கைக்கு வந்துச்சு, அந்த சனத்துக்கிட்ட ரேட் போட்டு கேக்கலாமா? அதே காரணத்துக்காக செக்ரோல்ல (தோட்டத்துச் சம்பளப் பதிவு) பிடிக்கிற ஐடியாவும் வேணாம். தொரை சரின்னு சொன்னாலும், ஒவ்வொரு ஆளும் தனித்தனியா எழுதிக் கையெழுத்து வச்சு குடுக்காம சம்பளத்துல கை வைக்காதீங்க. ஏற்கனவே சேமலாப நிதி, சந்தா, முற்பணம், கோயில்னு சம்பளச் சீட்டுல பிடிக்கிற வரிசை நீளம். இருபது ரூபா போட்டாலும் ரிசீட் எழுதுங்க, ஆயிரம் போட்டவருக்கு எழுதின அதே கையெழுத்துல.

8. டவுன், வெளியூர், ஒன்லைன்

டவுன் கடைகளுக்கு கல்லா பக்கத்துல டின் வைக்கிறதவிட வர்த்தக சங்கத் தலைவர முதல்ல பாத்து அவரு கையால முதல் ரிசீட்ட எழுதவைங்க. அவரு எவ்வளவு போட்டாருங்கிறத பாத்துத்தான் மத்த கடைக்காரங்க போடுவாங்க, இது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

கொழும்புல கடையில வேலை செய்ற நம்ம பையங்க, மத்திய கிழக்குல இருக்கிற அக்காமாரு, கனடா லண்டன்ல இருக்கிற சொந்தம், இவங்க பேங்க்குக்கு நேரா போடுவாங்க. போஸ்டர்ல கணக்கு இலக்கத்தோட கணக்கின் பேரையும் கட்டாயம் போடுங்க, லங்கா க்யூ.ஆர். (போன்ல ஸ்கேன் பண்ணி காசு போடுற கோட்) இருந்தா அதையும். ஏன்னா உங்க போஸ்டர எடுத்து இலக்கத்த மட்டும் மாத்தி பேஸ்புக்ல போடுற திருட்டுப் பயலுக இருக்கானுங்க, பேர் வேற வந்தா போடுறவங்க நிதானிப்பாங்க. கமிட்டியில யாருக்கு போன் வந்தாலும் ஓ.டி.பி. நம்பர் சொல்லக் கூடாதுங்கிறத முதல் கூட்டத்துலயே சொல்லிருங்க.

வெளிநாட்டுல இருந்து "பழைய மெஷின் அனுப்புறோம்"னு யாராச்சும் சொன்னா அவசரப்பட்டு நன்றி சொல்லிராதீங்க. இங்க 230 வோல்ட், கனடா பக்கம் 120, ப்ளக்கும் வேற, பார்ட்ஸ் இங்க கெடைக்காது, மருத்துவ சாமான் உள்ள வர தனி அனுமதி வேற வேணும். அவங்க மனசு நோகாம சல்லியா அனுப்பச் சொல்லுங்க.

வருத்தக்காரப் புள்ளையோட போட்டோவ போஸ்டர்ல போடாதீங்க, தாய் தகப்பன் சரின்னாலும் போடாதீங்க. வார்டுல படுத்திருக்கிறப்ப வேணாம்னு சொல்ற தைரியம் அவங்களுக்கு இருக்காது. அந்தப் புள்ளை நாளைக்கு வளர்ந்து பள்ளிக்கூடம் போகும், அந்தப் போட்டோ நெட்ல சுத்திட்டே இருக்கும். சாமானோட படத்தப் போடுங்க.

9. எண்ணுறது

அன்னைக்கு சேர்ந்தத அன்னைக்கு ராத்திரியே எண்ணுங்க. "நாளைக்கு பாத்துக்குவோம்"னு ஒருத்தர் வீட்டு அலுமாரியில வச்சா, ஒண்ணுமே நடக்காட்டியும் பேச்சு வரும்.

மண்டபத்து நடுவுல பெரிய மேசை, மேல வெள்ளைத் துணி, கதவு தொறந்து இருக்கட்டும். டின் இலக்கத்த சத்தமா வாசிச்சு, டேப்ல கையெழுத்து சரியானு காட்டி, அப்புறம் வெட்டுங்க. ஒருத்தர் எண்ணணும், இன்னொருத்தர் திருப்பி எண்ணணும், மூணாவது ஆள் எழுதணும். நோட்டு அஞ்சாயிரத்துல இருந்து இருபது வரைக்கும் தனித்தனியா, சில்லறையும் வகை பிரிச்சு, பிரிக்காம கொண்டு போனா பேங்க் கவுண்டர்ல பாதி நாள் போயிரும். டின் டின்னா எழுதுங்க, மொத்தத்த மட்டும் எழுதாதீங்க, ஒரு டின் வழக்கத்தவிட ரொம்ப குறைஞ்சா அந்த எடத்துல என்ன சிக்கல்னு பாக்க அதுதான் வழி. தாள்ல அங்க இருக்கிற எல்லாரும் கையெழுத்து.

தேத்தண்ணி, வடை, த்ரீவீல் செலவு எதையும் இந்தச் சல்லியில இருந்து எடுக்காதீங்க. செலவுக்குனு கமிட்டி ஆளுங்க முன்கூட்டியே தனியா போட்டு வச்சுக்கங்க, இல்லாட்டி அச்சுக்கூடத்துக்காரர்கிட்ட ரிசீட் புக்க அன்பளிப்பா கேளுங்க, அநேகமா தருவாங்க. "சேர்ந்தது முழுக்க சாமானுக்கு"னு சொல்ல முடிஞ்சா அத மிஞ்சின விளம்பரம் கெடையாது.

மறுநாள் பேங்க். சிலிப்ப எண்ணின தாளோட பின் பண்ணி பைல்ல வைங்க.

10. சாமான் வாங்குறது

சேர்ந்த தொகைய பாத்து பட்டியல்ல எது முடியும்னு ஆஸ்பத்திரியோட திரும்பப் பேசுங்க, ரெண்டு மாசத்துல அவங்க தேவை மாறியிருக்கலாம், அமைச்சுலருந்தே அந்த மெஷின் வந்திருக்கலாம்.

மூணு எடத்துல கொட்டேஷன் எடுங்க. மூணையும் ஆஸ்பத்திரிக்கு காட்டி அங்க இருக்கிற பயோமெடிக்கல் ஆளுங்ககிட்ட அபிப்பிராயம் கேளுங்க. விலை குறைஞ்சத எடுக்கணும்னு அவசியமில்ல. வொரண்டி எத்தன வருஷம், பழுதானா ஆள் ஹட்டனுக்கோ பதுளைக்கோ வருவாங்களா, இல்ல நாம மெஷின தூக்கிட்டு கொழும்புக்குப் போகணுமா, அந்த மொடல் இங்க பதிவானதா, ப்ரோப், டியூப், பில்டர் மாதிரி தேயுற சாமான் தொடர்ந்து கெடைக்குமா, அதோட விலை என்ன, இத்தனையும் கேளுங்க. மெஷின் மலிவா இருக்கும், அதுக்குள்ள போடுற டியூப் யான விலையா இருக்கும், அது முடிஞ்ச அன்னைக்கு மெஷினும் முடிஞ்சது. அதனால சேர்ந்த தொகையில ஒரு பகுதிய அந்தத் தேயுற சாமானுக்கே ஒதுக்கி மெஷினோட சேர்த்து வாங்கிக் குடுங்க.

ஆஸ்பத்திரியில யார் கையிலயும் காசு குடுக்காதீங்க, கம்பனிக்கு செக்தான். ஆஸ்பத்திரியே காசா கேட்டா அதோட காசுக் கவுண்டர்ல கட்டி, பொது 172ங்கிற அரசாங்க ரிசீட்ட வாங்குங்க.

11. ஒப்படைக்கிறது

நாள ஆஸ்பத்திரி சொல்லட்டும். அஞ்சாறு பேர் போனா போதும், வேன் வேனா ஆள் ஏத்திட்டுப் போய் வார்டுக்குள்ள மாலை மரியாதை நடத்துறது புள்ளைங்களுக்கு நல்லதில்ல, இருமல் தடிமன் இருக்கிற ஆள் கட்டாயம் வீட்டுல நிக்கணும். போட்டோ பணிப்பாளர் ஒப்பீஸ்ல வச்சு எடுங்க, வார்டுல வேணாம். மெஷின்ல ஒட்டுற ஸ்டிக்கர் சின்னதா, டிஸ்பிளேய மறைக்காம.

முக்கியமானது பதிவுதான், அதாவது அந்த சாமான் ஆஸ்பத்திரியோட பொருட்பதிவேட்டுல ஏறணும். ஏறின பக்கத்தோட இலக்கத்த கேட்டு எழுதிக்கங்க. பதியாத மெஷினுக்கு பழுது பாக்கவும் ஆள் வராது, அது எங்க போச்சுனு கேக்கவும் ஆள் இருக்காது. எங்க பக்கத்துல ஒரு எடத்துல குடுத்த மெஷின் ஒண்ணு வேற வார்டுக்கு மாறிப் போய், அது எங்கனு சொல்ல ஒருத்தருக்கும் தெரியாம போச்சு, யாரும் திருடிட்டுப் போகல, பதிவேட்டுல பதியலை, அவ்வளவுதான் விஷயம், ஆனா ஊருக்கு பதில் சொல்ல முடியல.

பெற்றுக்கொண்டோம்னு கடிதம், தேதி, முத்திரை, மொடல், சீரியல் நம்பரோட.

12. கணக்க ஒட்டுறது, அடுத்த வருஷத்துக்கு பைல் வைக்கிறது

அடுத்த சம்பளத்துக்குள்ள கணக்கு வெளிய வரணும். ஒரே தாள், பெரிய எழுத்து, தமிழ்லயும் சிங்களத்துலயும்: எந்த டிவிஷன்ல எவ்வளவு, டவுன்ல எவ்வளவு, பேங்க்குக்கு நேரா வந்தது எவ்வளவு, எந்த சாமான் எந்த விலை, மிச்சம் எவ்வளவு. பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், கோயில் வாசல், பிள்ளைக் காம்பரா (வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விடுற எடம்), கூட்டுறவுக் கடை, எங்கெல்லாம் கேட்டீங்களோ அங்கெல்லாம் ஒட்டுங்க. வட்ஸ்அப்ல போட்டா போதும்னு நெனைக்காதீங்க, அதிகமா குடுத்த ஆயாமாரு பலபேர்கிட்ட வட்ஸ்அப் கெடையாது. தனி ஆளுங்க பேரையும் தொகையையும் ஒட்ட வேணாம், ரிசீட் இலக்கம் எதுலருந்து எது வரைக்கும்னு போட்டா போதும், யாரு குறைச்சு போட்டாங்கங்கிற பேச்சு ஊருக்குத் தேவையில்ல.

ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேர் வார்டுக்கு போய் மெஷின் ஓடுதானு சிஸ்டர்கிட்ட கேளுங்க. ஓடாட்டி ஏன்னு கேளுங்க, பலமுறை ஒரு கேபிளா இருக்கும், மிச்ச சல்லியில வாங்கிக் குடுத்துரலாம். அதே பயணத்துல அடுத்த வருஷத் தேவையையும் வாயால கேட்டு வைங்க, கடிதத்த ஜனவரி கடைசிக்குள்ள குடுத்தா பதில் வந்து, கமிட்டி கூடி, அச்சடிச்சு முடிக்க மே மாசத்துக்கு சரியா வரும்.

பைல்ல இருக்க வேண்டியது: ஆஸ்பத்திரிக் கடிதம், அனுமதிகள், ரிசீட் புக் குடுத்து வாங்கின கொப்பி, எண்ணின தாள்கள், பேங்க் சிலிப், கொட்டேஷன் மூணு, பில்லு, ஒப்படைப்புக் கடிதம், ஒட்டின கணக்கு. செயலாளர் மாறினா இந்த பைல் கூட்டத்துல வச்சு எல்லார் முன்னாலயும் கை மாறட்டும், பழைய செயலாளர் வீட்டுல போய் வாங்கிக்கங்கனு விட்டுராதீங்க.